மீசை தெரியாத டேங்க்

எங்கள் இருசக்கர வாகன பெயிண்டர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறதாம். செயலாளர் போன் செய்தார். "அண்ணே, இப்பல்லாம் வூட்லயே ஸ்ப்ரே டின் வாங்கி அடிச்சிக்கிறாங்க. ஷைனிங் கூடக் கொறைய வந்துடுது. அத எப்புடிச் சரிபண்றதுன்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. உங்க அனுபவத்தையும் ஓரமா நாலு வரி சேத்துக்குங்க" என்றார். தொழில்தான் சோறு, அனுபவம் ஊறுகாய் என்பது அவர் நினைப்பு. ஓய்வு பெற்றவனிடம் கட்டுரை கேட்டால் என்ன வம்பு வரும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

கேட்டதை முதலில் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் பெயிண்ட் அடிப்பவர்கள் எல்லோரும் பளபளப்பு டின்னுக்குள் இருக்கிறது என்று நம்புகிறார்கள். அது டின்னில் இல்லை, பரப்பின் சமத்தில் இருக்கிறது. அடித்த பாகத்தை ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஒரே கோடாக நேராகத் தெரிந்தால் பரப்பு சமம். கோடு நெளிந்து துண்டு துண்டாகத் தெரிந்தால், பெயிண்ட் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் இன்னும் இன்னும் அடித்தால் மேட்டின்மேல் மேடுதான் ஏறும். சோப்புத் தண்ணீரில் ஊறிய நைஸ் வாட்டர் பேப்பரால் தேய்த்து மேட்டை இறக்குங்கள். பிறகு காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையைத் தடவித் துணியால் தேய்த்தால் பளபளப்பு தானாக வரும். ஓரங்களில் மட்டும் அழுத்தாதீர்கள். அங்கே பெயிண்ட் மெல்லிசு, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் எட்டிப் பார்த்துவிடும்.

பளபளப்பு கூடிப்போய், பழைய டேங்குக்குப் பக்கத்தில் புதுப் பேனல் பல்லை இளிக்கிறது என்றால், தயவு செய்து பாத்திரம் விளக்குகிற பச்சை நாரை எடுக்காதீர்கள். சாம்பல் நிறத்தில் நைஸ் நார் பெயிண்ட் கடையில் கிடைக்கிறது. தண்ணீரோடு ஒரே திசையில் இழுத்தால் போதும். இதற்கெல்லாம் முன்னால் பெயிண்ட் காய வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பேனலின் உள்பக்கம் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் அது இன்னும் வேகவில்லை. எங்கள் அதியமான்கோட்டை வீட்டுக்கு வாரம் தவறாமல் யாராவது ஒருவர் சாக்குப் பையில் பேனலைப் போட்டுக்கொண்டு வருகிறார். "ஷைனிங் மட்டும் கரெக்ட் பண்ணிக் குடுத்துடுங்கண்ணே" என்கிறார். பையைத் திறக்கிறபோதே வாசனை அடிக்கிறதாம், என் மனைவி சொல்கிறாள்.

மலருக்கு இவ்வளவு போதும் என்றால் மீதியைக் கத்தரித்துக்கொள்ளலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபப்பட வேண்டியதற்கெல்லாம் ஏற்கெனவே கோபப்பட்டு முடித்துவிட்டேன்.

பளபளப்பைக் கூட்டிக் கொடு என்று வந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கொஞ்சம் குறைத்துக் கொடு என்று வந்தவர்களும் உண்டு. ஒருவர் மோசமாக அடித்துவைத்ததை, அதே மோசத்தோடு அடித்துக் கொடு என்று கேட்டு வந்தவர் ஒரே ஒருவர்தான். அந்த வண்டியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் தொழில் பழகியது நெடுஞ்சாலை ஓரத்து லாரி பெயிண்ட் கொட்டகை ஒன்றில். அந்தக் கதையை நீட்ட விருப்பமில்லை. துருவைச் சுரண்டினேன், பட்டி பூசினேன், உப்புத்தாள் தேய்த்தேன், இருமினேன். பிறகு தர்மபுரியில் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் பெயிண்டராகச் சேர்ந்தேன். சீருடை உண்டு, பி.எஃப். உண்டு என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாஸ்க் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை அங்கேயே கிடந்தேன். மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள் என்று மேலே எழுதினேனே, அது உங்கள் மூக்கு. என் மூக்கு தின்னரோடு போய் வெகுகாலம் ஆகிறது.

அங்கே பெயிண்ட் பிரிவுக்கு சூப்பர்வைசர் கனகராஜ் சார். யாரையும் திட்ட மாட்டார். திட்டியிருந்தால் மனதுக்குள்ளாவது பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. நல்ல உயரம், எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் அளவாகக் கத்தரித்த மீசை. அந்த மீசைதான் எங்கள் எல்லோருக்கும் தேர்வு அதிகாரி.

வேலை முடிந்த வண்டிகளை வாசல் பக்கம் வரிசையாக நிறுத்துவோம். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொரு வண்டியிடமும் நின்று, டேங்க்கின்மேல் குனிவார். சுண்டுவிரலால் முதலில் வலது மீசையை நீவுவார், பிறகு இடது மீசையை. டேங்க்கில் அது முடி முடியாகத் தெரிந்தால் டெலிவரிச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். தெரியாவிட்டால், "இன்னொரு கை" என்பார். அவ்வளவுதான். என்ன குறை, எந்த இடத்தில் குறை என்று சொல்லமாட்டார். அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். நாம் அந்த டேங்க்கைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்.

வேலை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டால் மட்டும், "போகட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்வார். வண்டி வெளியே போகட்டும் என்று பொருள். எங்கள் ஷாப்பில் அதுதான் பதக்கம். பஃபிங் மெஷின் பிடிக்கிற பாஷாவுக்கு அந்த வார்த்தை கிடைத்திருக்கிறது. டிங்கர் வேலை செய்பவருக்குக் கிடைத்திருக்கிறது. நேற்று வந்து சேர்ந்தவர்களுக்கெல்லாம் கிடைத்திருக்கிறது. என் வேலைக்குப் பேசாமல் கையெழுத்துப் போடுவார், இல்லையென்றால் இன்னொரு கை கேட்பார். பேரன் பேத்தி எடுத்த மனிதன் இதையெல்லாம் மனதில் வைத்திருப்பது வெட்கக்கேடுதான். ஆனாலும் வைத்திருக்கிறேன்.

அவர் ஏற்படுத்திய முறை இன்னொன்று உண்டு. ஒரே ஒரு பேனல் வேலைக்கு வண்டி வந்தாலும், மொத்த வண்டிக்கும் பாஷா மெஷின் போட்டுப் பாலிஷ் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு அதில் ஏகப்பட்ட மகிழ்ச்சி. பழைய வண்டியைக் கொண்டுவந்து விட்டவர்கள் புது வண்டியை எடுத்துப் போகிற மாதிரி போவார்கள். "நம்ம வாசல்ல இருந்து மங்கலா ஒரு வண்டி போவக்கூடாது" என்பார் சார். இப்போது கம்பெனிகளே மங்கலாக வண்டி செய்து, மேட் ஃபினிஷ் என்று பெயர் வைத்து, அதற்குக் கூடுதல் விலையும் வாங்குகின்றன. சாருக்கு அதைப் பார்க்கிற பாக்கியம் இல்லாமல் ஓய்வு கிடைத்துவிட்டது.

ஒருநாள் காலை, வத்தல்மலையிலிருந்து ராணி என்கிற பெண் வந்தார். தானே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தார். ஷாப்பில் இருந்தவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வாய் பார்த்தார்கள். வண்டியின் இடது சைடு பேனல் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் தாளைக் கயிற்றால் கட்டியிருந்தது. கொண்டை ஊசி வளைவில் சறுக்கி விழுந்ததாகவும், பேனல் உடைந்து துண்டெல்லாம் பள்ளத்தில் போய்விட்டதாகவும் சொன்னார்.

"அண்ணா, இது ஒண்ணுதாங்க போச்சு. புதுசு போட்டு, மத்ததோட சேந்தாப்புல அடிச்சுக் குடுக்கணுமுங்க."

நான் டேங்க்கைப் பார்த்தேன். கறுப்பு என்று சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். மேல்பாதி முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. கீழே வரவரக் கறுப்பு தெரிந்தது. ஒரு பக்கம் பெயிண்ட் ஒழுகி இறங்கிக் காய்ந்திருந்தது. மூடிக்குப் பக்கத்தில் காய்வதற்கு முன்னால் யாரோ தொட்டுப் பார்த்த பெருவிரல் அடையாளம். வலது பேனலும் இதே லட்சணம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாரும்மா இத அடிச்சது? திருநீறு பூசுனாப்புல இருக்குது. எல்லாத்தையும் எறக்கிட்டு ஒரே கையா அடிச்சுடலாம். புது வண்டியாட்டம் ஆயிடும்."

"வேண்டாங்கண்ணா. அது எங்கூட்டுக்காரரு அடிச்சதுங்க. இப்ப அவரு இல்லீங்க."

என் சிரிப்பு எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை.

அவர் கணவர் குமரேசன் மலையில் காப்பியும் மிளகும் போட்டவர். பழைய வண்டியாக வாங்கும்போது அது சிவப்பு நிறம். ராணிக்குக் கறுப்புப் பிடிக்கும் என்று டவுனில் ஸ்ப்ரே டின் வாங்கிப் போய், டேங்க்கையும் பேனல்களையும் கழற்றிப் பலாமரத்துக் கிளையில் தொங்கவிட்டு, மார்கழிப் பனியில், விடிந்தும் விடியாத வேளையில் அடித்திருக்கிறார். தொழில் தெரிந்தவன் எவனும் செய்ய மாட்டான். ஈரக் காற்றில் அடித்தால் தின்னர் பறக்கும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் பெயிண்டுக்குள் போய் உட்கார்ந்து வெள்ளையாகப் பூத்துவிடும். குமரேசனுக்கும் பூத்தது. ஊரில் எல்லோரும் கேலி செய்திருக்கிறார்கள். "எங்க மலைப் பனி அதுக்குள்ள இருக்குது, உங்க வண்டியில இருக்குதா" என்று குமரேசன் கேட்பாராம். அடுத்த வருடம் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் ராணி வண்டி பழகியிருக்கிறார். மலைக்கு ஜீப் உண்டு, காப்பி மூட்டை ஏற்றுகிற நேரத்துக்கு அது வராது. "அவரு அடிச்சத மட்டும் தொட்டுறாதீங்கண்ணா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சரி என்று ஒப்புக்கொண்டேன். ஒரு பேனல்தானே என்று நினைத்தேன். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் அடித்ததில்லை.

முதல் தடவை அடித்தபோது நன்றாக வந்துவிட்டது. கை கேட்கவில்லை. எவ்வளவு கெட்ட தின்னர் ஊற்றினாலும், எவ்வளவு அலட்சியமாகப் பிடித்தாலும், பழகிய கை சமமாகத்தான் போகிறது. தேய்த்து எடுத்துவிட்டு, ஸ்ப்ரே கன்னை ஓரம் வைத்துவிட்டு, குமரேசன் வாங்கிய மாதிரியே ஸ்ப்ரே டின் வாங்கினேன். பெயிண்ட் அடிக்கிற அறைக்கு பூத் என்று பெயர், அந்த பூத்திற்குள் நனைத்த சாக்குகளை விரித்தேன். டீ போடும் அம்மாவிடம் பெரிய பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் வாங்கிவந்து நடுவில் வைத்தேன். ஆவி எழும்பியது. அதில் அடித்தேன். பூத்தது, ஆனால் பேனல் முழுக்க ஒரே மாதிரி பூத்தது. குமரேசன் அடித்ததில் மேலே கனமாகவும் கீழே மெல்லிசாகவும் இருக்கும். பேனலை மேல்விளிம்பு பனி வருகிற பக்கம் இருக்கும்படி தொங்கவிட்டிருக்கிறார் என்று அப்புறம் புரிந்தது. நானும் அப்படித் தொங்கவிட்டேன்.

அப்போதும் ஏதோ ஒன்று உதைத்தது. வலது பேனலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன், மதியச் சோறு ஆறிப்போகிறவரை பார்த்தேன். வீச்சு தொடங்குகிற இடத்தில் பெயிண்ட் கொஞ்சம் தடிமனாக விழும். எனக்கு இடது ஓரத்தில் விழுந்திருந்தது. அவருக்கு வலது ஓரத்தில் விழுந்திருந்தது.

சந்தைக்கு ஜீப்பில் வந்த ராணி ஷாப்பை எட்டிப் பார்த்தார். "ஏம்மா, உங்க வூட்டுக்காரரு எடக்கையா?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டார். "ஆமாங்கண்ணா. சோறு திங்கறப்ப மட்டுந்தான் சோத்தாங்கை. உங்களுக்கு எப்புடிங்க தெரியும்?"

"இதுல இருக்குதும்மா" என்றேன்.

கடைசியாக அடித்ததை இடது கையால் அடித்தேன். டின்னை அழுத்தவே அந்த விரல் மறுத்தது. ஓர் இடத்தில் கிட்டப் போய் ஒழுகியது, ஒழுகட்டும் என்று விட்டேன். பனி பூத்து, பிறகு மெல்ல இறங்கிக் கறுப்பானபோது, இரண்டு பேனலையும் ட்யூப்லைட்டுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலும் வெளிச்சம் ஒரே மாதிரி செத்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஊரிலேயே மோசமாக அடிக்கத் தெரிந்த பெயிண்டர் நான்தான் என்று பாஷாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

சார் வந்து பார்த்தார். பேனலை அல்ல, என்னைப் பார்த்தார்.

"என்ன ராஜேந்திரா, வேணும்னே கெடுத்து அடிக்கிற?"

விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"நம்ம ஷாப் ஸ்டிக்கர் ஒட்டின வண்டி இந்தக் கோலத்துலயா ரோட்டுல போவும்?"

"ஸ்டிக்கர் வேண்டாங்க சார். மெஷினும் போட வேண்டாங்க. பாலிஷ் பட்டா அந்தப் பூப்பு போயிடும், திரும்ப வராதுங்க. அந்தம்மா கேட்டதே அதத்தாங்க."

"சரி, பாத்துக்கலாம்" என்றார். சரி என்றார் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

பேனலை இன்னும் கொஞ்சம் காய்ந்தபின் மாட்டலாம் என்று பூத்திலேயே தொங்கவிட்டேன். வலது பேனலை மட்டும் வண்டியில் மாட்டி, ஹேண்டிலில் சிவப்புத் துணியைக் கட்டினேன். வேலை முடியாத வண்டி, யாரும் கை வைக்கக்கூடாது என்று எங்கள் ஷாப்பில் அதற்கு அர்த்தம். பாஷாவிடம் வாயாலும் சொன்னேன். ராணி வண்டி எடுக்க வருகிற நாளன்று காலையில், அரூர் கிளையில் ஷோரூம் வண்டி ஒன்றில் கீறல் விழுந்துவிட்டது, போய்ச் சரிசெய்துவிட்டு வா என்று சார் என்னை அனுப்பினார். மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

திரும்பி வந்தபோது பாஷா வாசலிலேயே நின்றிருந்தார். கையெல்லாம் காம்பவுண்ட். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ராஜேந்திரா, நான் சொன்னேன்யா. ராஜேந்திரன் தொடாதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காருங்க சார்னு சொன்னேன். துணிய அவரே அவுத்துப்புட்டாரு. 'பாவம்யா, ஒத்தப் பொம்பளையா மலையில கெடந்து கஷ்டப்படுது, வண்டியவாச்சும் நல்லா பண்ணிக் குடுப்போம், பாலிஷுக்கு ஒண்ணும் வாங்க வேண்டாம்'னாரு. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

போய்ப் பார்த்தேன். டெலிவரி வரிசையில் முதலாவதாக, பேனல் இல்லாத இடது பக்கம் சுவரை ஒட்டியிருக்கும்படி நிறுத்தியிருந்தார்கள். டேங்க் மையிருட்டுக் கறுப்பு. ஒழுகல் இல்லை, பெருவிரல் அடையாளம் இல்லை, பனி இல்லை. என் முகம் தெரிந்தது. அரூர் பஸ் புழுதி படிந்த முகம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. வலது பேனலும் அப்படியே. பாஷா நல்ல வேலைக்காரர். ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுவைக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. கெட்ட எண்ணத்தோடு ஒருவர் கெடுத்தால் சட்டையைப் பிடிக்கலாம். நல்லது செய்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வது? நேரே அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானங்க போனேன்?"

"இருப்பா. அந்தம்மா வரட்டும். மொகத்தப் பாரு, எப்புடிச் சந்தோஷப்படுதுன்னு" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ராணி வந்தார். வரிசையின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் வண்டியைத் தாண்டினார். கடைசிவரை போனார். என்னிடம் திரும்பி வந்து, "அண்ணா, என் வண்டி இன்னும் உள்ளதான் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

நான் முதல் வண்டியைப் பார்த்தேன். சார்தான் எழுந்து வந்து, "இதாம்மா உங்க வண்டி! எப்புடி?" என்று டேங்க்கைத் தட்டிக் காட்டினார்.

ராணி முதலில் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு டேங்க்கிடம் வந்து, மூடிக்குப் பக்கத்தில் அந்தப் பெருவிரல் இருந்த இடத்தைத் தன் விரலால் தடவினார். முந்தானையால் துடைத்தார். மேலே ஏதோ தடவியிருக்கிறார்கள், துடைத்தால் போய்விடும், அடியில் பழையது இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அழுத்தி அழுத்தித் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது இன்னும் மினுங்கியது.

சாரின் கை டேங்க்கிலிருந்து இறங்கிவிட்டது.

நான் பூத்திற்குள் போய், தொங்கவிட்டிருந்த இடது பேனலை எடுத்துவந்து கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் செய்தேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மேல்விளிம்பில் பனி, கீழே கறுப்பு, வலது ஓரத்தில் தடிமன்.

"நீங்க அடிச்சது மட்டும் அவரு அடிச்சாப்புலயே இருக்குதுங்கண்ணா" என்றார்.

சார் மெல்லிய குரலில், "மங்கல்தானேம்மா? ராஜேந்திரன் எல்லாத்தையும் திரும்ப அடிச்சுக் குடுத்துடுவான். அச்சு அசலா வரும். எடக்கையிலயே அடிக்கிறான், நான் பாத்தேன். ஒரு வாரம் வண்டிய வுட்டுட்டுப் போங்க. செலவு எங்களுது" என்றார்.

நானும் தலையாட்டினேன். அடித்திருப்பேன். எப்படி இருந்தது என்று என் கைக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

ராணி யோசித்தார். "அண்ணா அடிச்சுருவாருங்க" என்றார். "ஆனா அது அண்ணன் அடிச்சதாத்தானுங்களே இருக்கும்."

பேனலை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப இதயும் மத்ததாட்டமே ஆக்கிக் குடுத்துருங்கண்ணா. இது ஒண்ணு மட்டும் எதுக்கு இப்புடி? ஏறி எறங்கறப்பெல்லாம் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்."

பாஷா மெஷினை எடுக்கப் போனார். நான் வேண்டாம் என்றேன். பேனலை மடியில் வைத்துக்கொண்டு, காம்பவுண்டைத் துணியில் தொட்டு, கையாலேயே தேய்க்கத் தொடங்கினேன். மேல்விளிம்பில் இருந்த பனிதான் முதலில் போனது. சாக்கு நனைத்து, தண்ணீர் கொதிக்க வைத்து, உதவாத கையைக் கெஞ்சி வரவழைத்த பனி. துணியின் இரண்டு சுற்றுக்குக்கூட அது தாங்கவில்லை. ஒழுகலை வாட்டர் பேப்பரால் இறக்கினேன். வலது ஓரத்துத் தடிமனைச் சமமாக்கினேன். ராணி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் அதில் தெரிந்தது. அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் என் முகம் தெரிகிறவரை தேய்த்தேன், அதன்பிறகும் தேய்த்தேன். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலை அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அதை அழித்ததும் நானேதான்.

பேனலை மாட்டினேன். வண்டி முழுவதும் ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு. எந்த வீட்டு வாசலிலும் நிற்கலாம், யாருடையது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ராணி பையை முன்னால் மாட்டிக்கொண்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தார். சூப்பர்வைசர் கையெழுத்து இல்லாமல் வாட்ச்மேன் வண்டியை வெளியே விட மாட்டார்.

கனகராஜ் சார் சீட்டோடு வந்தார். வருத்தமாகத்தான் இருந்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் பழக்கம் மனிதனை விடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் அப்போதுதான் மாட்டிய இடது பேனலிடம் குனிந்தார். சுண்டுவிரலால் வலது மீசையை நீவினார். இடது மீசையை நீவினார். நிமிர்ந்து கையெழுத்துப் போட்டுச் சீட்டை ராணியிடம் நீட்டினார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "போகட்டும், ராஜேந்திரா" என்றார்.

ராணி வண்டியைக் கிளப்பிக்கொண்டு மலைப் பக்கம் போனார். ஓய்வு பெறுகிறவரை அந்த வார்த்தையை சார் என்னிடம் சொன்னது அந்த ஒரு வண்டிக்குத்தான்.